பழைய அட்வென்ச்சர் கேம்களில் சீற்: கோட் போதுமா, கருவி வேண்டுமா, எமுலேற்றர் நல்லதா?

சீற் என்பது உயிர், ஆயுதம் போன்றவற்றைக் கேமின் விதியை மீறிக் கூட்டும் குறுக்குவழி. சுடுகிற கேமில் சீற் பிழைத்தால் சுவிச்சை நிற்பாட்டி மறுபடி போட்டால் அலுவல் முடிந்தது. அட்வென்ச்சர் கேமில் அது நடக்காது. இருபது, முப்பது மணித்தியால ஆட்டம் முழுவதும் ஒரே சேவுக்குள் இருக்கிறது. எந்தக் கதவு திறந்தது, எந்தக் கிழவரோடு கதைத்தாயிற்று, எந்த வாள் கையில் இருக்கிறது என்பதெல்லாம் அங்கே பதிவாகிறது. பிழையான சீற் ஒன்று அந்தப் பதிவுக்குள் போய்விட்டால் கதை ஓரிடத்தில் இறுகி நின்றுவிடும், அதுவும் பல மணித்தியாலம் கழித்துத்தான் தெரியவரும். ஆகவே சீற் வழியொன்றைத் தெரிவு செய்யும்போது முதலில் கேட்க வேண்டியது, அது சேவுக்குள் எதை விட்டுப்போகும் என்பதுதான். எவ்வளவு உயிர் தருகிறது என்பதெல்லாம் பிறகு.

செல்டா, மெற்றொயிட், ரூம் ரைடர் எல்லாம் வெளியாகி ஓடிய காலத்தில் வன்னியில் பெரும்பாலான வீடுகளில் கரண்ட் இருக்கவில்லை. இப்போது அந்தக் கேம்கள் மூன்று வழியாக வந்து சேருகின்றன: ரொறன்ரோவிலிருந்து மாமா கொண்டுவந்த சுப்பர் நிண்டெண்டோ, பரிசிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த பழைய பிளேஸ்டேசன், எல்லோர் கையிலும் இருக்கும் அன்ட்ரொயிட் போன். எந்த வழியால் வந்தது என்பதே எந்தச் சீற் சரிவரும் என்பதைப் பாதி தீர்மானித்துவிடும்.

கருவிகள் வேலை செய்யும் இரண்டு விதம்

சந்தையில் எத்தனை பெயர் இருந்தாலும் உள்ளே நடப்பது இரண்டே வேலைதான்.

முதலாவது கேம் ஜீனி வகை. கசெட்டுக்கும் கொன்சோலுக்கும் நடுவில் இருந்துகொண்டு, கொன்சோல் கசெட்டின் றொம்மில், அதாவது கேம் பதிந்திருக்கும் மாறாத நினைவகத்தில், குறிப்பிட்ட ஓர் இடத்தை வாசிக்கும்போது அந்த ஒரு பைற்றை மட்டும் மாற்றிக் கொடுக்கும். 'அடி பட்டால் உயிரைக் குறை' என்ற கட்டளை இருந்த இடத்தில் 'ஒன்றும் செய்யாதே' என்று வாசிக்கப்படும். கசெட்டில் எதுவும் எழுதப்படுவதில்லை. கருவியைக் கழற்றியதும் கேம் பழையபடி. நிண்டெண்டோ போட்ட வழக்கில் 1992இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் கேம் ஜீனி பக்கம் தீர்ப்புச் சொன்னதற்கும் இந்தத் தன்மை ஒரு காரணம். நிலையான பிரதி எதையும் அது உருவாக்கவில்லை.

இரண்டாவது அக்சன் ரீப்ளே, கேம்ஷார்க் வகை. இது கொன்சோலின் றாம்மில், கேம் தன் கணக்குகளை வைத்திருக்கும் இடத்தில், விடாமல் எழுதிக்கொண்டேயிருக்கும். உயிர் எத்தனை, அம்பு எத்தனை, சாவி எத்தனை என்ற எண்ணையே பிடித்து வைக்கிறது. நீங்கள் சேவ் பண்ணும்போது கேம் அந்தக் கணக்கை அப்படியே கசெட்டுக்குள் இருக்கும் பற்றரி நினைவகத்துக்கோ மெமரி காட்டுக்கோ கொண்டுபோகும். கருவியைக் கழற்றினாலும் அது எழுதிய எண் சேவில் இருக்கும்.

அட்வென்ச்சர் கேமுக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாம். செலவழிந்து மறுபடி நிரம்பும் பொருள், அதாவது உயிர், மந்திரம், குண்டு, அம்பு, காசு எந்த வழியால் கூடினாலும் பிரச்சினை வராது. கதையோடு கட்டுப்பட்ட பொருளையோ கதை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்ற எண்ணையோ றாம் வகைக் கருவியால் தொடவே கூடாது.

கேமுக்குள்ளேயே இருக்கும் கோட்

செலவில்லாதது. கேமைச் செய்தவர்களே வைத்ததென்பதால் பெரும்பாலும் பாதுகாப்பானது. உங்கள் கேமுக்கு அப்படி ஒன்று இருந்தால் மற்றதெல்லாவற்றுக்கும் முன் அதைப் பாருங்கள்.

மெற்றொயிட் கசெட்டில் சேவ் கிடையாது, 24 எழுத்துக் கடவுச்சொல்தான். 'ஜஸ்டின் பெய்லி' என்று ஆங்கிலத்தில் முதல் 12 எழுத்தை அடித்து மீதி 12 இடத்திலும் சிறு கோடு போட்டால், பல ஆயுதங்களோடு ஆட்டம் நடுவழியில் தொடங்கும். 'நார்பாஸ் ஸ்வோர்ட்' என்ற 11 எழுத்தும் மீதி 13 இடத்தில் பூச்சியமும் அடித்தால் சாவே இல்லை, ஏவுகணையும் தீராது. இங்கே பூச்சியத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' எழுத்தை அடித்துவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள் அதிகம். 1986இல் வந்த யப்பான் டிஸ்க் பதிப்பில் ஆட்டம் டிஸ்க்கிலேயே சேவ் ஆகிறது, கடவுச்சொல் இல்லை. ஆகவே அங்கே இவை எடுபடா.

முதல் செல்டாவில் வீரனின் பெயரை 'செல்டா' என்று ஆங்கிலத்தில் பதிந்தால் இரண்டாவது சுற்று நேரே திறக்கும். அது உதவியல்ல, சோதனை. நிலவறைகளின் அமைப்பே மாறி, கடினமாகிவிடும். முதன்முறை விளையாடுபவர் இதைச் சீற் என்று நினைத்துப் போட்டுவிட வேண்டாம்.

பாதுகாப்பற்ற உள்கோட்டும் உண்டு. நிண்டெண்டோ 64இல் 1998இல் வந்த பான்ஜோ கசூயியில் மணல்கோட்டைத் தரையில் எழுத்தெழுத்தாகக் கோட் அடிக்கலாம். கேமுக்குள்ளேயே புத்தகப் பாத்திரம் சொல்லித்தரும் கோட்கள் முட்டையும் இறகும் கூடுதலாகக் கொண்டுசெல்ல வைக்கும், அவற்றால் தீமையில்லை. ஆங்கிலத்தில் 'சீற்' என்ற சொல்லோடு தொடங்கும் கள்ளக் கோட்களை அளவுக்கு மிஞ்சி அடித்தால், எச்சரிக்கைக்குப் பிறகு சூனியக்காரி உங்கள் சேவையே அழித்துவிடுவாள். அது பழுதல்ல, அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். வேறு இடத்தில் ஒரு புதுச் சேவ் தொடங்கி அங்கே அடித்துப் பார்ப்பதே நல்லது.

கேம் ஜீனி

சேவைக் கெடுக்கும் ஆபத்துக் குறைந்த கருவி வேண்டுமென்றால் இதுதான். ஆனால் வன்னியில் இதைப் பொருத்துவதில் சிக்கல் இருக்கிறது. இங்கே பழைய ரீவி கேம் என்று வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் ஃபமிகொம் மாதிரியில் செய்த மலிவுப் பெட்டிகள். அவற்றின் கசெட்டுக்கு 60 பின். அமெரிக்க நிண்டெண்டோவுக்கான கேம் ஜீனி 72 பின். நேரே ஏறாது, இடையில் வைக்கும் மாற்று இணைப்பி வாங்கிப் பொருத்தினாலும் உயரத்தில் ஆடி ஆடித் தொடர்பு அறும். பல கேம் ஒன்றாக வரும் மஞ்சள் கசெட்டுகளில் பற்றரிச் சேவும் அனேகமாக இராது. அந்தப் பெட்டிக்காகக் கேம் ஜீனி தேடுவது வீண்செலவு.

வெளிநாட்டிலிருந்து வந்த அசல் நிண்டெண்டோவில் ஏறும், ஆனால் அதன் பலகை கசெட்டின் பலகையை விடத் தடிப்பு. முன்பக்கம் தள்ளி அமுக்கும் பெட்டியின் பின்களை அது விரித்துவிடும். பிறகு கருவியில்லாமல் கசெட்டை மட்டும் போட்டால் திரை மினுங்கிக்கொண்டு நிற்கும். அந்த 72 பின் இணைப்பியை மாற்றத்தான் வேண்டிவரும்.

நிண்டெண்டோவில் ஒரே தடவையில் 3 கோட், சுப்பர் நிண்டெண்டோவிலும் செகா நிறுவனத்தின் மெகா டிரைவிலும் 5. நிண்டெண்டோக் கோட் 6 எழுத்து அல்லது 8 எழுத்து. பெரிய கேம்கள் தங்கள் றொம்மைத் துண்டு துண்டாக மாற்றி மாற்றிக் காட்டும். ஒரே முகவரியில் வேறு துண்டு வந்து நிற்கையில் பைற்றை மாற்றினால் கேம் குழம்பும். 8 எழுத்துக் கோட்டில் 'அங்கே இன்ன எண் இருந்தால் மட்டும் மாற்று' என்ற நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது. ஒரே பலனுக்கு இரண்டு கோட் கிடைத்தால் நீளமானதை எடுங்கள். மெகா டிரைவில் சில கேம்கள் தொடங்கும்போதே தங்கள் றொம்மைக் கூட்டிச் சரிபார்க்கும். அவற்றுக்கு அந்தச் சரிபார்ப்பைத் தாண்டவைக்கும் மாஸ்ரர் கோட்டை முதலில் அடிக்காவிட்டால் கேம் தொடங்காது.

அக்சன் ரீப்ளே, கேம்ஷார்க்

பலம் கூடியது, கவனமும் அதற்கேற்ப வேண்டும். சுப்பர் நிண்டெண்டோவில் வந்த மூன்றாவது செல்டாவை எடுத்து உள்ளே என்ன நடக்கிறதென்று கிட்டப் பார்ப்போம்.

அக்சன் ரீப்ளே கோட்டில் எட்டு இலக்கம். முதல் ஆறு றாம் முகவரி, கடைசி இரண்டு எழுத வேண்டிய எண். இவை பதினாறின் கணக்கில் இருப்பதால் 9க்குப் பிறகு ஆங்கில ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் இலக்கமாக வரும்; நடுவில் உள்ள கோடு வாசிக்க மட்டும். இந்தக் கேமில் இப்போதிருக்கும் உயிரின் முகவரி 7ஈ-எஃப்3-6டி. ஓர் இதயம் 8 என்று கணக்கு. தொடக்கத்தில் மூன்று இதயம், அதாவது 24. பதினாறின் கணக்கில் 24ஐ எழுதினால் 18. ஆகவே 7ஈ-எஃப்3-6டி-18 என்பது மூன்று இதயத்தையும் எப்போதும் நிரப்பி வைக்கும். இதயம் கூடக் கூட கடைசி இரண்டு இலக்கத்தையும் மாற்ற வேண்டும். இருபது இதயத்துக்கு 160, அது ஏ0. மந்திரப் பட்டைக்கு 7ஈ-எஃப்3-6ஈ-80. இவை இரண்டும் செலவழியும் பொருள், பயப்படத் தேவையில்லை.

அதே பகுதியில் 7ஈ-எஃப்3-சி5 என்ற முகவரியும் இருக்கிறது. கதை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை அது சொல்கிறது: தொடக்கத்தில் 0, மாமாவிடம் வாள் வாங்கியதும் 1, இளவரசியை மீட்டதும் 2, மந்திரவாதி அகனிமை வென்றதும் 3. இளவரசியைச் சிறையிலிருந்து மீட்க நேரம் போகிறதென்று இதை 2 என்று பூட்டி வைத்தவருக்கு அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. அகனிமை வென்றதும் கேம் 3 என்று எழுதும், கருவி அடுத்த கணமே 2 என்று திருப்பி எழுதும். வென்ற பிறகும் கேமுக்கு வெல்லாத கணக்குத்தான். அதற்கு மேல் சேவ் பண்ணினால் திரும்ப வழியில்லை. வாள், பாதணி, விளக்கு போன்றவற்றைக் கோட்டால் வாங்குவதிலும் இதே ஆபத்து: பொருள் கைக்கு வரும், அதைத் தந்த சம்பவம் நடந்ததாகக் கேம் அறியாது.

பிளேஸ்டேசனில் இன்னும் இரண்டு விடயம் பார்க்க வேண்டும். கருவி ஏறும் சமாந்தரத் துளை பெட்டியின் பின்பக்கம் இருக்கும். மாதிரி எண் 9000 வரிசையிலும் அதற்குப் பிறகு வந்த சின்ன வெள்ளைப் பெட்டியிலும் அந்தத் துளை இல்லை. வாங்குவதற்கு முன் பெட்டியைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது வட்ஸ்அப்பில் பின்பக்கப் படம் கேளுங்கள். அடுத்தது கேமின் பிரதேசம். கனடாவிலிருந்து வந்த டிஸ்க்கில் எஸ்எல்யூஎஸ் என்றும், லண்டன், பரிஸ், சுவிஸிலிருந்து வந்ததில் எஸ்எல்ஈஎஸ் என்றும் எண்ணுக்கு முன் இருக்கும். இரண்டும் ஒரே கேம்தான், றாம்மில் இடம் வேறு. கனடாக் கோட்டை ஐரோப்பிய டிஸ்க்கில் அடித்தால் உயிருக்குப் பதில் வேறெதோ மாறும். கேம் உறைவது அதில் குறைந்த தீமை. வெளிநாட்டுச் சொந்தங்கள் இரண்டு கண்டத்திலும் இருப்பதால் எங்கள் வீடுகளில் இந்தக் கலப்பு அடிக்கடி நடக்கிறது. நிண்டெண்டோ 64இல் ஒக்கரினா செல்டாவின் அமெரிக்கப் பதிப்பே 1.0, 1.1, 1.2 என்று மூன்று விதம், அவற்றுக்கிடையிலும் முகவரிகள் நகர்கின்றன.

பிளேஸ்டேசன் கோட்டின் முதல் இரண்டு இலக்கத்தை வாசிக்கப் பழகிக்கொள்வது நல்லது. 80 என்றால் இரண்டு பைற் எழுதும், 30 என்றால் ஒரு பைற். டி0 என்பது நிபந்தனை: அந்த முகவரியில் இன்ன எண் இருந்தால் மட்டும் அடுத்த வரி நடக்கும். பெரும்பாலும் பொத்தான் ஒன்றை அழுத்தும்போது மட்டும் சீற் வேலை செய்ய இதைப் பயன்படுத்துவார்கள். அட்வென்ச்சர் கேமுக்கு இவ்வகைக் கோட் மிக உகந்தது, தேவையில்லாத நேரத்தில் அது றாம்மைத் தொடுவதில்லை. ஆனால் டி0 வரியை விட்டுவிட்டு அடுத்த வரியை மட்டும் அடித்தால் நிபந்தனையே இல்லாமல் போய்விடும்.

எமுலேற்றர்

எமுலேற்றர் என்பது பழைய கொன்சோலைப் போல நடித்து அதன் கேமைப் போனில் ஓட்டும் செயலி. வன்னியில் பெரும்பாலானோருக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். காசு போகாது, புழுதி புகாது, கரண்ட் நின்றாலும் போன் ஓடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சேவ் ஒரு கோப்பு. அதைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு எந்தச் சீற்றையும் துணிந்து சோதிக்கலாம். அசல் கசெட்டில் இந்த வசதி கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீற் தேடுபவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது அளவற்ற உயிரல்ல, நினைத்த இடத்தில் சேவ். 1996இல் வந்த முதல் ரூம் ரைடரின் பிளேஸ்டேசன் பதிப்பில் பளிங்குக் கல் இருக்கும் இடத்தில் மட்டும்தான் சேவ் பண்ணலாம். ஒரு பாய்ச்சல் தவறினால் கால் மணித்தியாலம் பின்னுக்கு. ஆட்டத்தை எந்தக் கணத்திலும் அப்படியே பிடித்து வைக்கும் எமுலேற்றரின் சேவ் ஸ்ரேற்றும், சில கணம் பின்னால் ஓட்டும் பின்னோட்டமும் அந்தத் தொல்லையைத் தீர்த்துவிடும். கேமின் கணக்கில் ஓர் எண்ணும் மாறாது. முதலில் இதை மட்டும் வைத்து விளையாடிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதற்கு மேல் தேவைப்படாது.

தேவைப்பட்டால், இணையத்தில் கோட் தேடாமல் நீங்களே கண்டுபிடிக்கலாம். றெற்றோஆர்க் என்ற எமுலேற்றர் செயலியில் கேம் ஓடும்போது மெனுவில் சீற் பகுதிக்குப் போய்த் தேடலைத் தொடங்குங்கள். அளவு 8 பிற், அதாவது ஒரு பைற். அதே செல்டாவில் மூன்று இதயமும் நிரம்பியிருக்கையில் 24க்குச் சமமான எண்ணைத் தேடுங்கள். 3 என்று தேடினால் அகப்படாது, கேம் இதயத்தை எட்டெட்டாக எண்ணுகிறது. ஏராளமான முகவரி வரும். பிறகு ஓர் அடி வாங்குங்கள். அரை இதயம் குறைந்தால் 20க்கும், முழு இதயம் குறைந்தால் 16க்கும் தேடுங்கள். உச்ச உயிரின் முகவரி 24லேயே நிற்பதால் இந்த இடத்தில் தானாகக் கழிந்துவிடும். இன்னொரு அடி, இன்னொரு தேடல். எஞ்சுபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒவ்வொன்றாகப் பட்டியலில் சேர்த்து 24 என்று வைத்து, 'மாற்றங்களைச் செயற்படுத்து' என்ற வரியை அழுத்திப் பாருங்கள். அந்த வரியை அழுத்த மறந்தால் எந்தக் கோட்டும் இயங்காது.

காசில் ஒரு சூது இருக்கிறது. 7ஈ-எஃப்3-60இல் உண்மையான காசு, 7ஈ-எஃப்3-62இல் திரையில் காட்டும் காசு. திரையில் எண் ஒவ்வொன்றாக ஓடி உண்மையான எண்ணைப் போய்ச் சேரும். தேடலில் இரண்டும் வரும். காட்டும் எண்ணை மட்டும் மாற்றினால் திரை ஒருகணம் பணக்காரனாகி மறுபடி இறங்கிவிடும். 255க்கு மேற்பட்ட தொகை இரண்டு பைற்றில் இருக்கிறது, 8 பிற் தேடலில் அகப்படாது, 16 பிற் வையுங்கள்.

போனில் நடக்கும் பிழைகள் வேறு விதம். றெற்றோஆர்க் பற்றரிச் சேவைப் பொதுவாகக் கேமை மூடும்போதுதான் கோப்பில் எழுதும். அழைப்பு வந்து அன்ட்ரொயிட் செயலியைக் கொன்றுவிட்டால் அன்றைய ஆட்டம் போய்விடும். அமைப்புகளில் சேவ் றாம் தானியங்கி இடைவெளியை 10 செக்கன் என்று வையுங்கள். பழைய சேவ் ஸ்ரேற்றைத் திறந்தால் அதற்குள் இருக்கும் பழைய பற்றரிச் சேவ் புதியதை மூடிவிடும். ஆகவே முக்கியமான இடங்களில் கேமின் சொந்தச் சேவையும் போட்டு, கோப்பைப் பிரதி எடுங்கள். கேமில் நீங்கள் செய்யும் சாதனைகளைப் பதியும் கணக்கை 'ஹாட்கோர்' என்ற கடின நிலையில் வைத்திருந்தால் சீற், சேவ் ஸ்ரேற், பின்னோட்டம் மூன்றும் பூட்டப்பட்டிருக்கும். சீற் வேலை செய்யவில்லை என்ற முறைப்பாட்டில் இதையும் பாருங்கள். கேம் கோப்பு உங்களிடம் இருக்கும் கசெட்டின் பிரதியாக இருப்பதே முறை. அப்போது பதிப்பும் பிரதேசமும் எதுவென்ற ஐயமும் வராது.

அசல் கொன்சோலில் இதே வசதியை எதிர்பார்ப்பவர்களுக்கு எவர்டிரைவ் போன்ற எஸ்டி காட் கசெட்டுகள் இருக்கின்றன, பல மாதிரிகள் கோட்டையும் ஏற்கும். விலை கொன்சோலை விடக் கூடலாம். றொம் கோப்பையே நிரந்தரமாக மாற்றும் ஐபிஎஸ் ஒட்டு, அதாவது மாற்றங்களை மட்டும் கொண்ட சிறு கோப்பு, இன்னொரு வழி. சுப்பர் நிண்டெண்டோக் கோப்பின் தலையில் ஒட்டு எதிர்பார்க்காத 512 பைற் கூடுதலாக இருந்தால் ஒட்டு முழுவதும் இடம் தவறி விழும், அதை முதலில் நீக்க வேண்டும். இந்த இரண்டும் தேவைப்படுபவர் மிகச் சிலர்.

உங்களிடம் இருப்பதைப் பொறுத்து

போன் மட்டும் இருந்தால் எமுலேற்றர், முதலில் சேவ் ஸ்ரேற், பிறகுதான் உயிருக்கும் குண்டுக்கும் றாம் சீற். அசல் சுப்பர் நிண்டெண்டோவோ மெகா டிரைவோ இருந்து, கசெட்டில் பழைய சேவைப் பாதுகாக்க விரும்பினால் கேம் ஜீனி. பின்பக்கத் துளையுள்ள பிளேஸ்டேசன் இருந்தால் கேம்ஷார்க் வாங்கலாம், ஆனால் இரண்டாவது மெமரி காட் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். சீற் போடுவதற்கு முன் சேவை அதற்குப் பிரதி எடுங்கள். மெமரி காட்டில் எழுதிக்கொண்டிருக்கையில் கரண்ட் நின்றாலும் அந்தப் பிரதிதான் கைகொடுக்கும். மலிவு ரீவி கேம் பெட்டிக்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டாம்.

கனடாப் பெட்டியாக இருந்தால் கருவிக்கு முன் கரண்ட். அந்த அடப்ரர் 120 வோல்ற்றுக்கானது. பின்னை மாற்றும் தலையை மட்டும் போட்டு எங்கள் 230இல் செருகினால் எரிந்துவிடும். சுப்பர் நிண்டெண்டோவுக்கு 10 வோல்ற் டிசி, 850 மில்லிஅம்பியர். அமெரிக்க நிண்டெண்டோவுக்கு 9 வோல்ற், 1.3 அம்பியர், அது ஏசி. முதல் வரிசைப் பிளேஸ்டேசனில் மின்வழங்கி பெட்டிக்குள்ளேயே இருப்பதால் கனடாப் பெட்டிக்கு மின்னழுத்தம் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும்.

கோட் வேலை செய்யாவிட்டால், கோட்டைக் குறை சொல்வதற்கு முன் தொடர்பைப் பாருங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் புழுதியும் மாரியில் ஈரமும் கசெட்டின் பின்களில் படியும். நடுவில் கருவி வந்தால் தொடர்பு இடங்கள் இரட்டிப்பாகின்றன. போன் திருத்தும் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் அல்ககோலை காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, கசெட்டையும் கருவியின் இரு பக்கத்தையும் துடைத்து முற்றாகக் காயவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் பின்களில் துருவைத்தான் கொண்டுவரும். பிறகு கோட் எதுவும் போடாமல் கருவியோடு கேம் ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் மாஸ்ரர் கோட் மட்டும், அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரு கோட் மட்டும் சேருங்கள். எந்தக் கோட்டைச் சேர்த்ததும் கேம் உறைகிறதோ அதன் பிரதேசத்தையும் பதிப்பையும் சரிபாருங்கள். அதுவரை சேவ் பண்ண வேண்டாம்.